நான்கு எதிர்காலங்களும் ஒரு ரப்பர் வளையமும்

2019ஆம் ஆண்டின் இறுதியில், அடுத்த ஆண்டுக்கான கொள்முதல் திட்டத்தை நிர்வாகத்தின் முன் வைத்தேன். தொழிற்சாலைப் பம்புகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் எங்களுடையது. ஏறத்தாழ 600 வகை உதிரிபாகங்கள் எந்த நாளில், எவ்வளவு வந்து சேர வேண்டும் என்று கணக்கிடுவது என் பொறுப்பு. அந்தத் திட்டத்தில் மூன்று பத்திகள் இருந்தன: தேவை 10 விழுக்காடு கூடினால் என்ன செய்வது, இப்போதுள்ளபடியே இருந்தால் என்ன செய்வது, 10 விழுக்காடு குறைந்தால் என்ன செய்வது. அதற்குச் ‘சூழ்நிலைத் திட்டமிடல்’ என்று தலைப்பும் கொடுத்திருந்தேன். கூட்டத்தில் இருந்த அனைவரும் நடுப்பத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற இரண்டையும் அதன்பின் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

சில மாதங்களில் பெருந்தொற்று வந்தது. முதலில் எங்களுக்கு வரும் ஆர்டர்கள் பாதியாகக் குறைந்தன; பதறிப்போய் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புகளுக்கு நாங்கள் கொடுத்திருந்த ஆர்டர்களை ரத்து செய்தோம். அந்த ஆண்டின் பிற்பகுதியில் தேவை நாங்கள் நினைத்ததைவிட வேகமாகத் திரும்பியபோது, சிப் வாங்குவோர் வரிசையில் கடைசி இடம்தான் எங்களுக்குக் கிடைத்தது. அதுவரை 16 வாரங்களில் கைக்கு வந்துகொண்டிருந்த சிப்புக்கு 50 வாரங்களுக்கு மேல் ஆகும் என்று பதில் வந்தது. பெரிய கார் நிறுவனங்களும் இதே தவறைச் செய்திருந்தன என்று பின்னர் செய்திகளில் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் மூன்று பத்திகளிலும் தேவை மட்டுமே ஏறி இறங்கியது. சப்ளையர் எப்போதும்போல் அனுப்புவார், கப்பல் எப்போதும்போல் வரும் என்று மூன்றுமே நம்பின. ஒரே எதிர்காலத்தைத்தான் பெரிதாகவும் சிறிதாகவும் மூன்று முறை வரைந்து வைத்திருந்தேன்.

பிறகு சூழ்நிலைத் திட்டமிடல் என்ற முறையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, இதே பள்ளத்தில் பெரியவர்களும் விழுந்து எழுந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. 1970களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்பவரும் அவருடைய குழுவினரும், எண்ணெய் விலை அமைதியாகவே இருக்கும் என்ற பொது நம்பிக்கையைக் கேள்விக்குட்படுத்தும் சூழ்நிலைகளை நிர்வாகிகளின் முன் வைத்தனர். 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்து, சில மாதங்களுக்குள் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, அந்த நிறுவனம் மற்றவர்களைவிட விரைவாக நிலைமையைப் புரிந்துகொண்டது. பலரும் சொல்லும் கதை இத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால், தங்கள் முதல் சுற்றுச் சூழ்நிலைகள் முடிவெடுப்போருக்குப் பயன்படவில்லை என்றும், எல்லோரும் ஏற்கெனவே அறிந்திருந்த ஐயங்களுக்கு எண்களைப் பொருத்தியதைத் தவிர அவை வேறு எதையும் செய்யவில்லை என்றும் வாக் பின்னர் எழுதியதுதான் என் மனத்தில் தைத்தது. நான் செய்ததும் அதுவே.

2021இல் மீண்டும் தொடங்கினோம். இம்முறை முதலில் செய்த வேலை, அறையில் யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்தது. கொள்முதல், உற்பத்தி, விற்பனை, நிதி ஆகிய பிரிவுகளின் தலைவர்களோடு, கிடங்கின் பொறுப்பாளர், லாரிகளை அனுப்பும் ஊழியர், எங்கள் சுங்க முகவர், உதிரிபாகங்களின் வரைபடங்களைப் பராமரிக்கும் பொறியாளர் ஆகியோரையும் அழைத்தோம். தலைவர்களுக்குத் திட்டம் தெரியும். திட்டம் எங்கே கிழிகிறது என்பது இவர்களுக்குத்தான் தெரியும். எந்தத் துறைமுகத்தில் சரக்கு எத்தனை நாள் கிடக்கிறது, எந்த சப்ளையர் மாதக் கடைசியில் மட்டும் அவசரமாக அனுப்புகிறார் என்பன போன்றவை எந்த அறிக்கையிலும் இருக்கவில்லை. சுங்க முகவரின் நினைவில் இருந்தன.

அடுத்து இரண்டு பட்டியல்களை எழுதினோம். அடுத்த மூன்று ஆண்டுகளில் எப்படியும் நடக்கப்போகிறவை ஒன்றில். எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாதவை மற்றொன்றில். இந்தப் பிரிப்பை அவசரமாகச் செய்யக் கூடாது என்பது என் கருத்து, ஏனெனில் மனிதர்கள் தங்களுக்குப் பழகிப்போனதையெல்லாம் உறுதியானது என்று எழுதிவிடுகிறார்கள். ‘கடல் சரக்குக் கட்டணம் பழைய நிலைக்குத் திரும்பும்’ என்பதை ஒருவர் முதல் பட்டியலில் எழுத, அதை இரண்டாம் பட்டியலுக்கு மாற்றுவதற்கு அரை நாள் வாதாட வேண்டியிருந்தது. இரண்டாம் பட்டியலிலிருந்து, எங்கள் தொழிலை அதிகம் உலுக்கக்கூடியவையும் ஒன்றையொன்று சாராதவையுமான இரண்டைத் தேர்ந்தெடுத்தோம்: நீண்ட தூரக் கடல்வழிகள் சீராக இருக்குமா, அடிக்கடி தடைபடுமா என்பது முதலாவது, எங்களுக்கு முக்கியமான உதிரிபாகங்கள் பலரிடம் கிடைக்குமா, ஓரிருவர் கைக்குள் சுருங்குமா என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். மூன்று வைத்திருந்தால் நடுவில் உள்ளதற்கே எல்லோரும் ஓடுவார்கள் என்பதை 2019இல் கற்றிருந்தேன். நான்கில் நடு இல்லை.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் வைத்து, அந்த உலகத்தில் ஒரு சாதாரணத் திங்கட்கிழமை எப்படி விடியும் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். கிடங்கில் எந்த அலமாரி காலியாக இருக்கிறது, எந்த வாடிக்கையாளர் தொலைபேசியில் கோபப்படுகிறார், வங்கிக் கணக்கில் என்ன நிலைமை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். இது கதை எழுதும் விளையாட்டு என்று உற்பத்திப் பிரிவுத் தலைவர் முதலில் சலித்துக்கொண்டார். தம் பக்கத்தை எழுதி முடித்தபோது, இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் இருந்தும் வேலை இருக்காது என்ற வரியில் நெடுநேரம் நின்றுவிட்டார். நிதிப் பிரிவிலிருந்து ஒவ்வொரு சூழ்நிலைக்கும் எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று கேட்டார்கள். கொடுக்க மறுத்தோம். 60 விழுக்காடு என்று ஒன்றுக்கு எழுதிய நொடியில் மற்ற மூன்றும் குப்பைக்குப் போய்விடும். தவிரவும், அந்த எண்ணைக் கணக்கிட எங்களிடம் எந்த அடிப்படையும் இருக்கவில்லை.

அந்தக் கூட்டங்களில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய லாபம் நான்கு கட்டங்களுக்குள் இருந்து வரவில்லை. ‘ஓரிருவர் கைக்குள் சுருங்கும்’ சூழ்நிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்துக்கு இரண்டு சப்ளையர்கள் இருப்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நான் சொன்னேன். கிடங்கின் பொறுப்பாளர், “இரண்டு பேர் அனுப்பும் பெட்டிகளிலும் மூலப்பொருளுக்கு ஒரே ஆலையின் முத்திரைதானே இருக்கிறது, சார்?” என்று கேட்டார். விசாரித்துப் பார்த்ததில், இருவருமே அந்தச் சிறப்பு ரப்பர் கலவையை ஒரே ஆலையிலிருந்து வாங்குவது உறுதியாயிற்று. எங்களிடம் இரண்டு சப்ளையர்கள் இருந்தார்கள். மூலம் ஒன்றே ஒன்றுதான்.

இப்படி ஒளிந்திருக்கும் ஒற்றைப் புள்ளி எவ்வளவு பெரிய தொழிலையும் நிறுத்தும் என்பதற்கு 2012இல் நடந்தது நல்ல சான்று. அந்த ஆண்டு மார்ச் 31 அன்று ஜெர்மனியின் மார்ல் நகரில் இருந்த வேதிப்பொருள் ஆலை ஒன்றில் வெடிவிபத்து ஏற்பட்டு இருவர் உயிரிழந்தனர். அங்கே தயாரான ஒரு வேதிப்பொருளிலிருந்துதான் நைலான்-12 என்ற பிளாஸ்டிக் உருவாகிறது. கார்களின் எரிபொருள் குழாய்களுக்கும் பிரேக் குழாய்களுக்கும் அதுவே பயன்பட்டு வந்தது. அடுத்த மாதமே கார்த் துறையினர், பரம வைரிகளாக இருந்தவர்கள் உட்பட, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரே அரங்கில் அவசரமாகக் கூடி மாற்றுப் பொருள் தேட வேண்டியதாயிற்று. குழாய் சப்ளையர் பலர் இருந்தும், அவர்களுக்குப் பின்னால் இரண்டு மூன்று படிகள் தள்ளி நின்ற ஓர் ஆலைதான் அனைவரையும் கட்டிப்போட்டது.

அதன்பின் எல்லா உதிரிபாகங்களுக்கும் இரண்டு எண்களைக் கணக்கிட்டோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சிம்சி-லெவி ஃபோர்டு நிறுவனத்தோடு இணைந்து பயன்படுத்திய முறை இது. பாகங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒரு விரிதாளே போதும். ஒரு சப்ளையர் முற்றிலும் நின்றுபோனால், அந்தப் பாகம் மீண்டும் சீராக வருவதற்கு எத்தனை வாரங்கள் ஆகும் என்பது முதல் எண். அதுவரை புதிதாக எதுவும் வராமல் நம்மால் எத்தனை வாரங்கள் தாக்குப்பிடிக்க முடியும் என்பது இரண்டாவது. முதலாவது பெரிதாக இருந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று பொருள். எதற்காக நின்றுபோனது என்ற கேள்வியே இதில் எழாது. நிலநடுக்கமா, தீயா, திவாலா என்று பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் வீண் உழைப்பு மிச்சமாகிறது.

ரப்பர் வளையத்தை எடுத்துக்கொண்டால், கையில் 3 வாரத்துக்கு இருந்தது, வழியில் 2 வாரத்துக்கு இருந்தது. ஆக 5 வாரம் தாங்கும். மாற்று ஆலையின் கலவையைச் சோதித்து, புதிய அச்சு செய்து, அனுமதி வாங்க 14 வாரம். பள்ளம் 9 வாரம். மாறாக, பெட்டியிலேயே மிக விலை உயர்ந்த பாகமான மின்வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பல இடங்களில் வாங்கலாம். 4 வாரம் தாங்கும், 3 வாரத்தில் மாற்று வந்துவிடும். அதுவரை எங்கள் கவனம் முழுவதும் விலை உயர்ந்த பாகங்களின் மேல்தான் இருந்தது. பட்டியலைப் பள்ளத்தின் அளவுப்படி வரிசைப்படுத்தியபோது, முதல் 20 இடங்களில் பெரும்பாலானவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத வளையங்களும் இணைப்பிகளும் ஒட்டுப்பசைகளும்தான். இந்தக் கணக்கில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன்: வழியில் இருக்கும் சரக்கை எப்போதும் இருப்பாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். கடல்வழியே தடைபடும் சூழ்நிலையில் அந்தச் சரக்கும் கப்பலோடு சேர்ந்து நிற்கும் என்பதால், அந்தக் கட்டத்துக்கு மட்டும் அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

நான்கு சூழ்நிலைகளுக்கும் தனித்தனியாகச் செயல்திட்டம் தீட்டிய பிறகு, நான்கிலும் திரும்பத் திரும்ப வந்த வேலைகளைத் தனியே எடுத்தோம். எது நடந்தாலும் வீணாகாத வேலைகள் அவை. சுற்றுப்பலகை வடிவமைப்பை இரண்டு வகை இணைப்பிகளையும் ஏற்கும்படி மாற்றுவது, பழைய வரைபடங்களைச் சரிசெய்து மாற்று சப்ளையருக்கு உடனே அனுப்பக்கூடிய நிலையில் வைப்பது, மாற்று ரப்பர் கலவையின் சோதனையை இப்போதே முடித்துவிடுவது ஆகியவற்றுக்கு எந்த எதிர்ப்பும் எழவில்லை. அடுத்த ஓராண்டில் நாங்கள் உருப்படியாகச் செய்தவை இவை மட்டும்தான் என்றுகூடச் சொல்லலாம்.

ஏனெனில் அறிக்கையின் மற்ற பகுதிகள் உறங்கிவிட்டன. 2022இல் சரக்கு இறங்க வேண்டிய துறைமுகம் ஒன்றில் நெரிசல் ஏற்பட்டு, இரண்டு கண்டெய்னர்கள் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டன. ‘கடல்வழி தடைபடும்’ கட்டத்தில் இதற்கான பதில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது: அவசரமான பாகங்களை மட்டும் மறு ஆர்டர் செய்து விமானத்தில் வரவழைப்பது. ஆயினும் அந்தச் செலவுக்கு யார் கையெழுத்திட வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கோரிக்கை ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்க 11 நாள்கள் கழிந்தன. விமானச் சரக்கு வந்து சேர்ந்த மறுநாளே கண்டெய்னர்களும் வெளியே வந்தன. இரண்டு செலவும் எங்கள் தலையில் விழுந்தது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்ததால் ஒரு நாளும் மிச்சமாகவில்லை.

அந்த 11 நாள்களுக்குப் பிறகு அறிக்கையை நான்கு பக்கங்களாகச் சுருக்கினோம். ஒரு சூழ்நிலைக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள். அந்த உலகம் நெருங்கி வருகிறது என்பதைக் காட்டும் அறிகுறிகள் முதலில். அந்த அறிகுறி தெரிந்தவுடன் செய்ய வேண்டியவை அடுத்து. எவ்வளவு தொகை வரை, யாருடைய அனுமதியும் இல்லாமலேயே யார் செலவிடலாம் என்பது கடைசியில். அறிகுறி என்றால் அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘அரசியல் பதற்றம் கூடுகிறது’ என்று எழுதினால், கூடிவிட்டதா இல்லையா என்று விவாதிப்பதிலேயே மாதம் கழியும். ‘எங்கள் சரக்கை ஏற்றும் கப்பல் நிறுவனங்களில் இரண்டு, வழித்தடத்தை மாற்றுவதாக அறிவிக்கின்றன’ என்று எழுதினால், அறிவித்தார்களா இல்லையா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. இதே காரணத்தால் போர் அபாயக் காப்பீட்டுக் கட்டணம், சப்ளையர் சொல்லும் லீட் டைம் (ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு கைக்கு வரும்வரை ஆகும் காலம்), பகுதியாக மட்டுமே நிறைவேறும் ஆர்டர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டோம். கடைசியாகச் சொன்னது மிக எளிமையானது, ஆனால் நம் கணினியிலேயே இருப்பது. கேட்ட 1000த்துக்கு 800ஐ அனுப்பத் தொடங்கும் சப்ளையர், தம் சிக்கலை நமக்குச் சொல்லாமலேயே சொல்லிவிடுகிறார்.

2023 நவம்பரில் செங்கடலில் வணிகக் கப்பல்கள் மீதான தாக்குதல்கள் தொடங்கின. டிசம்பர் நடுப்பகுதியில் பெரிய கண்டெய்னர் நிறுவனங்கள் அடுத்தடுத்து சூயஸ் கால்வாயைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல்களைத் திருப்பின. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பயணத்தில் இதனால் ஏறத்தாழ 10 முதல் 14 நாள்கள் கூடின. இரண்டாவது நிறுவனத்தின் அறிவிப்பு வந்த அன்று மாலையே எங்கள் கொள்முதல் அலுவலர் ஒருவர், யாரையும் கேட்காமல், பட்டியலில் இருந்த பாகங்களுக்கான ஆர்டர்களை இரண்டு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் காலையில்தான் எனக்கே தெரியும். இந்தப் பணியில் நான் பெருமைப்பட்ட மிகச் சில தருணங்களில் அதுவும் ஒன்று.

ஆனாலும் இரண்டு இடங்களில் அடி வாங்கினோம். ஒரு வாடிக்கையாளருக்கு நாங்கள் அனுப்பும் சரக்கு பனாமா கால்வாய் வழியாகச் சென்றுவந்தது. அங்கே தடங்கல் வந்தால் சூயஸ் வழியாகத் திருப்பலாம் என்று அந்த நான்கு பக்கங்களில் எழுதியிருந்தோம். 2023இன் வறட்சியால், அந்தக் கால்வாய்க்கு நீர் தரும் காட்டூன் ஏரியின் நீர்மட்டம் குறைந்து, நாளொன்றுக்கு 36 கப்பல்கள் வரை கடந்துவந்த பனாமா கால்வாயில், அந்த எண்ணிக்கையை 24ஆகவும் அதற்குக் கீழும் குறைத்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று மாற்று என்று நாங்கள் எழுதி வைத்த இரண்டு வழிகளும், எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு காரணங்களால் ஒரே மாதத்தில் சுருங்கின. ‘இது நின்றால் அது’ என்று எழுதும் ஒவ்வொரு வரிக்கும் கீழே, ‘அதுவும் நின்றிருந்தால்?’ என்ற கேள்வியை அன்றிலிருந்து கட்டாயமாக்கினோம். இரண்டாவது அடி நாங்களே வரவழைத்தது. முன்கூட்டியே கொடுத்த ஆர்டர்களும், தாமதமாகிக் கிடந்த பழைய ஆர்டர்களும் ஒரே வாரத்தில் வந்து இறங்கின. கிடங்கில் நடக்க இடமில்லை. பொறுப்பாளர் என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. சரக்கு வராமல் போவதைப் பற்றி நான்கு பக்கங்கள் எழுதிய நாங்கள், எல்லாம் சேர்ந்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சூழ்நிலைக்காகக் கூடுதலாக வாங்கி வைத்த ஒட்டுப்பசையின் ஒரு பகுதி, பயன்படுத்தும் காலக்கெடு முடிந்து வீணாயிற்று. நிதிப் பிரிவுத் தலைவர், “நீங்கள் எழுதிய நான்கில் மூன்று நடக்கவே இல்லை, அப்படியானால் உங்கள் கணிப்பு மூன்று பங்கு தவறுதானே?” என்று கேட்டார். அது கணிப்பே அன்று என்று விளக்கிப் பார்த்தேன். அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அவருடைய கேள்வியால் ஒரு நன்மை விளைந்தது. கெட்டுப்போகும் பொருளை வாங்கிக் குவிப்பதற்குப் பதிலாக, சப்ளையரின் உற்பத்தித் திறனில் ஒரு பகுதியை எங்களுக்கென ஒதுக்கி வைப்பதற்கு ஒரு சிறு கட்டணம் கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு மாறினோம். பொருள் தேவைப்படாவிட்டால் அந்தக் கட்டணம் மட்டுமே நட்டம். நீண்ட நாள் கெடாத, இடம் அடைக்காத, மலிவான பாகங்களுக்கு மட்டும் இருப்பைக் கூட்டுகிறோம். ரப்பர் வளையங்கள் இப்போது 15 வாரத்துக்கு இருக்கின்றன; அவை ஓர் அலமாரியின் ஒரே தட்டில் அடங்கிவிடுகின்றன.

இதைச் செய்ய ஆலோசகர்களோ விலையுயர்ந்த மென்பொருளோ வேண்டுமா என்று சிறிய நிறுவனங்களில் இருக்கும் நண்பர்கள் கேட்பதுண்டு. தொடக்கத்துக்கு வேண்டாம். பள்ளக் கணக்கை மட்டும் முதலில் செய்யுங்கள். பெரிய பள்ளம் உள்ள 10 பாகங்களுக்கு, சப்ளையரின் சப்ளையர் யார் என்று கேளுங்கள். சிலர் சொல்ல மறுப்பார்கள். அந்த மறுப்பையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கட்டங்களை அதற்குப் பிறகு வரைந்தால் போதும், ஏனெனில் நம் சங்கிலி எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரியாமல் வரையும் சூழ்நிலைகள் நாளிதழ்த் தலைப்புகளைப் போலவே இருந்துவிடுகின்றன.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்த நான்கு பக்கங்களை மேசையில் பரப்பி, அறிகுறிகளைச் சரிபார்க்கிறோம். அண்மைக் கூட்டத்தில் லாரிகளை அனுப்பும் ஊழியர், கணினியே ஒரு வாரம் இயங்காவிட்டால் இந்தப் பக்கங்களை எதில் திறந்து பார்ப்பது என்று கேட்டார். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீம்பொருள் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை முடக்கியபோது, 4000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்பது எங்களில் சிலருக்கு நினைவிருந்தது. ஆகவே நான்கு பக்கங்களையும், சப்ளையர்களின் அவசரத் தொலைபேசி எண்களையும் அச்சிட்டுக் கிடங்கின் மேசை இழுப்பறையில் வைத்தோம். சென்ற மாதம் கிடங்கின் பொறுப்பாளர் ஒவ்வோர் எண்ணாக அழைத்துப் பார்த்தார். 3 எண்கள் மாறியிருந்தன. அவற்றில் ஒன்று ரப்பர் கலவை ஆலையுடையது.